நடு ஃபின் இல்லாத பலகை

என் அக்காவின் மகன் போன மாதம் வெலிகமவில் நான்கு நாள் சேர்ஃபிங் பழகிவிட்டு வந்தான். வந்த அன்றைக்கே வெள்ளவத்தை வீட்டு விறாந்தையில் வைத்து போனை என் மூக்குக்குக் கிட்டே நீட்டினான்.

"மாமா, இது ட்வின் ஃபின்னாம். சும்மா பறக்குமாம். வாங்கட்டா?"

படத்தில் மஞ்சள் நிறத்தில் ஒரு குட்டைப் பலகை. வால், பாரை மீனின் வால்போலப் பிளந்திருந்தது. அதற்குக் கீழே ஏழெட்டு வரி ஆங்கிலம்: வேகம், சுதந்திரம், விளையாட்டு, எந்த அலைக்கும் பொருத்தம். விலையும் இருந்தது. அதை இங்கே எழுத மாட்டேன், அக்கா இதை வாசிப்பாள்.

அவன் கேட்டது ஒரு கேள்விபோலத் தெரிந்தாலும் உள்ளே இரண்டு இருக்கின்றன. இரண்டு ஃபின் உள்ள பலகை தண்ணீரில் என்ன செய்கிறது என்பது ஒன்று. விற்கிறவர்கள் அதைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்பது மற்றது. முதலாவது விளங்கிவிட்டால் இரண்டாவதை வாசிக்கும்போது பாதி இடத்தில் சிரிப்பு வரும். அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். அலைச்சறுக்கு என்று பத்திரிகைகள் எழுதும். கரையில் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. அதனால் சேர்ஃபிங் என்றே வைத்துக்கொள்வோம்.

பலகையின் அடியில், வாலோரம், மீனின் செட்டைபோல நீட்டிக்கொண்டு நிற்கும் துண்டுதான் ஃபின். ஒன்று இருந்தால் சிங்கிள், இரண்டு என்றால் ட்வின், மூன்று என்றால் த்ரஸ்டர், நான்கு என்றால் குவாட். பழைய ஹவாய்ப் பலகைகளில் இது எதுவுமே கிடையாது. சவர்க்காரக் கட்டிபோல அலையில் பக்கவாட்டாக வழுக்கும். திருப்ப வேண்டுமென்றால் காலைத் தண்ணீரில் போட்டு இழுப்பார்கள். 1935இல் டொம் பிளேக் என்ற அமெரிக்கர் வேகப்படகிலிருந்து எடுத்த ஒரு சின்னக் கீலை, அதாவது படகின் அடியில் நீளவாக்கில் நிற்கும் தகட்டை, தன் பலகையின் அடியில் பொருத்தினார். பலகை அவர் நினைத்த பக்கம் போனது. ஃபின் கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

அந்தத் துண்டு என்னதான் செய்கிறது? மருமகனைக் குளியலறைக்குக் கூட்டிப்போனேன். பெரிய பேசின் நிறையத் தண்ணீர், அவனுடைய பள்ளிக்கூடக் காலத்துப் பிளாஸ்டிக் அடிமட்டம். அடிமட்டத்தை நிமிர்த்திப் பாதியை நீருக்குள் இறக்கி, ஒல்லி விளிம்பு முன்னால் வரும்படி இழுக்கச் சொன்னேன். கத்திபோலப் போனது. "இப்ப கொஞ்சமே கொஞ்சம் திருப்பி இழு." அடிமட்டம் நேரே வராமல் ஒரு பக்கமாக ஓடப் பார்த்தது, அந்த இழுவை மணிக்கட்டில் தெரிந்தது. "இன்னும் திருப்பு." பக்கவாட்டு இழுவை சட்டென்று விட்டுப்போனது. பின்னால் தண்ணீர் கலங்கிச் சுழித்தது, அடிமட்டம் வெறும் தடையாக நின்றது.

ஃபின் என்ற விஷயம் அவ்வளவுதான். நேராகப் போனால் வழி காட்டும். சற்றுச் சரிந்து தண்ணீரைச் சந்தித்தால் ஒரு பக்கமாகத் தள்ளும். அந்தத் தள்ளலைப் பிடித்துக்கொண்டுதான் பலகை வளைகிறது. அளவுக்கு மீறிச் சரிந்தால் பிடி கழன்றுவிடும். ட்வின், த்ரஸ்டர் என்று கடையில் கேட்கும் பேச்செல்லாம் இந்த மூன்று நிலைகளுக்குள் சுற்றுகிற பேச்சு.

இனி மூன்று ஃபின் பலகையைக் கவிழ்த்துப் பாருங்கள். பக்க ஃபின்கள் இரண்டும் வால் நுனியிலிருந்து ஏறத்தாழ 11 அங்குலம் முன்னால் இருக்கும். மூன்றாவது நட்ட நடுவில், நுனியிலிருந்து மூன்று, மூன்றரை அங்குலத்தில். பக்க ஃபின்கள் நேராக நிற்பதில்லை: முன் விளிம்பு பலகையின் மூக்கை நோக்கிச் சற்று உள்ளே திரும்பியிருக்கும், முனை வெளிப்பக்கம் சாய்ந்திருக்கும். உட்புறம் தட்டை, வெளிப்புறம் வளைவு. நடு ஃபின் மட்டும் இரண்டு பக்கமும் ஒரே வளைவோடு நேர்க்கோட்டில் நிற்கும்.

வலப்பக்கம் திரும்ப வலது ஓரத்தை அமுக்குகிறோம். வலது ஃபின் ஆழமாக இறங்கும், இடது ஃபின் பாதி மேலே வந்துவிடும். நடு ஃபின் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் பெரும்பாலும் தண்ணீருக்குள்தான். வால் வெளியே விசிறிப் போகாமல் பிடித்துக்கொள்வது அதுதான். பின்காலால் ஓங்கி மிதித்தாலும் தாங்கும். ஆனால் நேராக ஓடும்போதும் அது தண்ணீரில் உரசிக்கொண்டேயிருக்கும். நாம் வாலைச் சும்மா ஒரு சுழற்றுச் சுழற்ற நினைத்தால் இழுத்துப் பிடிக்கும்.

அந்த நடு ஃபின்னை எடுத்துவிட்டுப் பலகையை அதற்கேற்ப வடிவமைத்தால் அதுதான் ட்வின். உரசல் குறைகிறது. அலை தட்டையாகிச் சோர்ந்துபோகும் இடங்களில், த்ரஸ்டர்க்காரர் குதித்துக் குதித்து வேகம் கூட்டிக்கொண்டிருக்கும்போது ட்வின் வழுக்கிக்கொண்டு போய்விடும். வால் இலகுவாகத் திரும்பும். முதல் தடவை ஏறியபோது எனக்கு நினைவு வந்தது, மழை விட்ட கையோடு காலி வீதியில் பின் டயர் தேய்ந்த ஸ்கூட்டரில் போனதுதான். பயமும் இருக்கும், சிரிப்பும் வரும்.

ஓட்டுகிற முறையும் மாற வேண்டும். த்ரஸ்டரில் பின்காலை வைத்து மிதித்துத் திரும்பிப் பழகியவர் அதையே ட்வினில் செய்தால், தண்ணீரில் இருக்கிற ஒரே ஃபின் மூன்றாவது நிலைக்குப் போய், அதாவது பேசினில் அடிமட்டத்துக்கு நடந்ததுபோல, பிடியை விட்டுவிடும். வால் வெளியே பாயும், ஆள் தண்ணீருக்குள். ட்வினில் பாரத்தைக் கொஞ்சம் முன்காலுக்குக் கொண்டுவந்து, பலகையின் ஓரம் முழுவதையும் தண்ணீரில் சாய்த்து, பெரிய வளைவாகத் திரும்ப வேண்டும். அவசரப்பட்டால் பிடிக்காது.

அவசரம் என்றதும் என் முட்டாள்தனம் ஒன்று நினைவு வருகிறது. சில வருடங்களுக்கு முன் ட்வின் ஆசை எனக்கும் வந்தது. காசு இல்லை. கையில் இருந்தது பழைய த்ரஸ்டர் ஒன்று. மூன்றில் ஒன்று போனால் இரண்டுதானே என்று வெலிகமக் கரையில் குந்தியிருந்து அலன் கீயால் நடு ஃபின்னைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டேன். நல்லவேளை, இடுப்பளவு அலைதான். எழும்பி நின்று லேசாகத் திரும்பப் பார்த்தேன். பலகை தட்டாமாலை சுற்றியது. மூக்கு கரையைப் பார்க்க வேண்டிய நேரத்தில் கடலைப் பார்த்தது. நான்கு தடவை விழுந்தேன். அப்புறம் அந்த நடு ஃபின்னையும் மணலில் எங்கேயோ தொலைத்துவிட்டேன்.

ஏன் அப்படி நடந்தது என்பதில்தான் பாடமே இருக்கிறது. த்ரஸ்டரின் பக்க ஃபின்கள் சின்னவை. நடுத்தர அளவில் உயரம் ஏறக்குறைய நாலரை அங்குலம். பின்னால் ஒரு துணை இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் அவற்றை அவ்வளவு முன்னுக்கு வைக்கிறார்கள். துணையை எடுத்துவிட்டால் வாலைப் பிடிக்க ஆளில்லை. ட்வினுக்கென்றே செய்த ஃபின் பெரியது, நிமிர்ந்த வகையில் ஐந்தரை அங்குலம் வரைக்கும் வரும். இடமும் இன்னும் பின்னால். வாலின் அகலம், அடியின் வளைவு எல்லாம் அதற்கேற்ப மாறும். அதனால் ட்வின் என்பதை மூன்றில் ஒன்றைக் கழித்த கணக்காக எண்ணக் கூடாது. பலகை முழுவதையும் வேறுவிதமாக யோசித்துச் செய்கிறார்கள். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவது ஃபின்களின் எண்ணிக்கை. உண்மையில் வேகத்தின் பெரும்பங்கு அந்த அகன்ற, தட்டையான உடம்பிலிருந்து வருகிறது என்பது என் எண்ணம்.

இரண்டு குடும்பங்கள்

ட்வின் என்ற பெயரில் விற்பவை எல்லாம் ஒரே மாதிரி ஓடுவதில்லை. பெரிதாகப் பார்த்தால் இரண்டு குடும்பம்.

ஒன்று ஃபிஷ். 1967இல் சான் டியேகோவில் ஸ்டீவ் லிஸ் என்ற இளைஞர் முழங்காலில் நின்று ஓட்டுவதற்காகச் செய்த குட்டைப் பலகை அது. அகலம், தடிப்பு, ஆழமாகப் பிளந்த வால், அந்த வாலின் இரண்டு கொம்புகளுக்கும் ஒவ்வொரு ஃபின். ஃபின்களோ உயரம் குறைந்து, அடி நீண்டு, படகின் கீல்போல இருக்கும். கீல் ஃபின் என்றுதான் பெயரும். நீண்ட அடி உள்ள ஃபின் நேர்க்கோட்டை விரும்பும். ஆகவே ஃபிஷ் வேகமாக ஓடும், பெரிய வளைவுகளில் இனிமையாகப் போகும், குறுகிய இடத்தில் சட்டென்று திரும்பச் சொன்னால் முரண்டு பிடிக்கும்.

லிஸ்ஸுக்கு முன்பே, 1940களின் கடைசியில், கலிஃபோர்னியாவில் பொப் சிமன்ஸ் அகன்ற வாலில் இரண்டு ஃபின் வைத்துப் பார்த்திருந்தார். காரணம் எளிது. வால் அகலமாக இருந்து நடுவில் ஒரே ஒரு ஃபின் இருந்தால், பலகை சாயும்போது அது தண்ணீரைவிட்டு மேலே தூக்கப்பட்டுவிடும். ஓரத்துக்கு ஒன்றாக வைத்தால் சாய்கிற பக்கத்து ஃபின் எப்போதும் உள்ளே இருக்கும்.

மற்றக் குடும்பத்தை எம்.ஆர். ட்வின் என்பார்கள். அவுஸ்திரேலியாவின் நியூகாசிலைச் சேர்ந்த மார்க் ரிச்சர்ட்ஸ் ஃபிஷ்ஷைப் பார்த்துத் தன் பாணிக்கு மாற்றிச் செய்தது. வால் ஒடுங்கியது, ஃபின்கள் நிமிர்ந்தன, அடி குறுகியது. நிமிர்ந்த ஃபின் தன்னைச் சுற்றிச் சுழல விடும். ஃபிஷ்ஷைவிடப் பலகை கூர்மையாகத் திரும்பும். 1979 முதல் 1982 வரை தொடர்ந்து நான்கு உலகப் பட்டங்களை அவர் இப்படிப்பட்ட பலகைகளில் வென்றார். அவற்றைச் செய்ததும் அவரே. சுப்பர்மேன் சின்னத்தின் சாயலில் எம்.ஆர். என்று எழுதிய அவருடைய இலச்சினையை இன்றைக்கும் புதுப் பலகைகளில் காணலாம். தானே செய்து, தானே ஓட்டி, தானே வென்று காட்டுவதைவிட நல்ல விளம்பரம் இந்தத் தொழிலில் வந்ததாக எனக்குத் தெரியவில்லை.

அப்படியானால் ட்வின் ஏன் காணாமல் போனது? சிட்னியின் சைமன் அண்டர்சன் உயரமும் பருமனும் உள்ளவர். அவருக்கு ட்வின் பெரிய அலையில் வழுக்கிக்கொண்டேயிருந்தது. 1980இல் மூன்றாவது ஃபின்னை மற்ற இரண்டுக்கும் ஒத்த அளவில் சேர்த்தார். அடுத்த வருடம் அவுஸ்திரேலியாவின் பெல்ஸ் பீச் போட்டியில் கடல் பயங்கரமாகப் பொங்கியபோது அந்தப் பலகையில் வென்றார்; அதே வருடம் ஹவாயில் பைப்லைன் மாஸ்டர்ஸ் போட்டியிலும். சில வருடங்களில் போட்டிக்காரர் எல்லாரும் மூன்று ஃபின்னுக்கு மாறிவிட்டார்கள். அண்டர்சன் அந்த யோசனைக்குக் காப்புரிமை எடுக்கவில்லை. எடுத்திருந்தால், அது காலாவதியாகும் வரைக்குமாவது விற்ற மூன்று ஃபின் பலகை ஒவ்வொன்றுக்கும் அவருக்கு ஏதாவது போயிருக்கும்.

பிறகு கால் நூற்றாண்டு போல ட்வின் ஓரமாகக் கிடந்தது. இன்றைக்கு ட்வின் இல்லாத பிராண்டைத் தேடத்தான் கஷ்டப்பட வேண்டும்.

ஸ்டிக்கர் யாருடையது?

தொடக்கத்தில் எல்லாருக்கும் வரும் குழப்பம் இது. பிரபல வீரர் ஒருவரின் பலகைப் படத்தில் மூக்கில் பெரிதாக ஒரு பெயர் இருக்கும். அது அநேகமாகப் பலகை செய்தவரின் பெயராக இருக்காது, காசு கொடுக்கும் உடுப்புக் கொம்பனியின் பெயராக இருக்கும். செய்தவரின் சின்னம் பலகையின் நடுவில், கண்ணாடி நாருக்குள் பதிந்திருக்கும். நகத்தால் சுரண்டினால் வராது.

உடுப்பு ஏன் மூக்கில் ஏறியது? ரிப் கேர்ள் 1969இல் அவுஸ்திரேலியாவின் டோர்க்கேயில் பலகை செய்யத்தான் தொடங்கியது. சீக்கிரமே குளிர்நீர் உடுப்புக்கு மாறியது. அதே ஊரில் அதே வருடம் தொடங்கிய குவிக்சில்வரும், 1973இல் கோல்ட் கோஸ்டில் தொடங்கிய பில்லபோங்கும் அரைக்காற்சட்டை தைத்தே பெரிதாயின. கணக்குப் பார்த்தால் விளங்கும். நல்ல பலகை ஒன்றை வாங்கினவர் சில வருடம் கடைப் பக்கம் வரமாட்டார். டீ-சேர்ட் அப்படியா? கடலையே பார்க்காதவரும் வாங்குவார். அதற்காக இது தோற்காத வியாபாரம் என்றும் இல்லை. குவிக்சில்வர் 2015இல் அமெரிக்காவில் வங்குரோத்துப் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது.

பலகைப் பிராண்டுகள் வேறு. அல் மெரிக் தொடங்கிய சனல் ஐலண்ட்ஸ், ஃபயர்வயர் போன்றவை. இவை மொடல் மொடலாக விற்கும்: ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டப்பெயர், ஒரு வீரர், ஒரு வீடியோ. வீடியோவில் அந்த வீரர் ஓட்டுவது அவருடைய எடைக்கும் உயரத்துக்கும் அளந்து செய்த பலகை. கடையில் நமக்குக் கிடைப்பது அதே பெயருள்ள பொது அளவு. அலை? அது கடையில் கிடைக்காது.

உள்ளே இருக்கும் சரக்கும் பெயர் அளவுக்கு வேறுபடுவதில்லை. 2005 டிசம்பரில் கலிஃபோர்னியாவில் கிளார்க் ஃபோம் என்ற நிறுவனம் ஒரே நாளில் மூடப்பட்டது. அமெரிக்கப் பலகை உலகமே திகைத்து நின்றது. போட்டி பிராண்டுகள் பலவற்றின் நுரைக் கட்டையும் அந்த ஓரிடத்திலிருந்துதான் வந்துகொண்டிருந்தது என்பது அப்போதுதான் வெளியாருக்குப் புரிந்தது. இன்று தாய்லாந்தின் கோப்ரா தொழிற்சாலை பல பிராண்டுகளுக்குப் பலகை செய்துகொடுக்கிறது. அதில் தப்பு ஒன்றுமில்லை, நன்றாகவே செய்கிறார்கள். பெயருக்கு எவ்வளவு, பலகைக்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்த்துக் காசு கொடுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

விளம்பரச் சொற்களை அடிமட்டத்தோடு சேர்த்து வாசித்தால் பெரும்பாலும் பிடிபடும். லூஸ் என்றால் வால் இலகுவாகக் கழன்று திரும்பும். இன்னொரு விதமாகச் சொன்னால், நீங்கள் விழுவீர்கள். ஹோல்ட் என்றால் செங்குத்தான அலையிலும் பிடி விடாது. டிரைவ் என்றால் வளைவிலிருந்து வேகத்தோடு வெளியே வரும். இந்த மூன்றும் ஒரே பலகையில் முழுசாக இருப்பதாக எழுதியிருந்தால், எழுதியவர் கவிஞர்.

இலக்கங்களில் லீற்றர் மட்டும் உருப்படியானது. பலகை எவ்வளவு நீரை இடம்பெயர்க்கும் என்பதன் அளவு அது. 38 லீற்றர் பலகை என்றால், அலுவலகத்தில் தண்ணீர் இயந்திரத்தின் மேல் கவிழ்த்து வைக்கும் 19 லீற்றர் போத்தல்கள் இரண்டை வெறுமையாக்கி மூடிக் கடலில் போட்டதற்குச் சமம். ஒரு லீற்றர் ஏறக்குறைய ஒரு கிலோவைத் தாங்கும், அதில் பலகையின் சொந்த எடையைக் கழியுங்கள். 70 கிலோ ஆள் அதன்மேல் படுத்தால் பாதி அமிழ்ந்துதான் மிதப்பார், மிச்சப் பாரத்தை உடம்பின் நனைந்த பகுதியும் கைவீச்சும் பார்த்துக்கொள்ளும். ஃபிஷ் குட்டையாக இருந்தும் துடுப்புப் போட இலகுவாக இருப்பதற்குக் காரணம் அந்த அகலத்திலும் தடிப்பிலும் லீற்றர் ஒளிந்திருப்பதுதான்.

சரி, நமது கடலுக்கு வருவோம். கொழும்பில் இருப்பவருக்கு நவம்பர் முதல் ஏப்ரல் வரை தெற்கு, மே முதல் செப்டெம்பர் வரை கிழக்கு. வெலிகமவில் மணல் அடி, சோம்பேறி அலை. பழகுகிறவருக்கு எட்டடி மென்பலகைதான் அங்கே சரி, ட்வின் கொண்டுபோவது கெட்டித்தனமில்லை. நுரையைவிட்டு வெளியே போய் உடையாத அலையைப் பிடித்து, பக்கவாட்டாக ஓடத் தெரிந்த பிறகு ட்வின் ருசிக்கும். மிதிகமவின் லேசி லெஃப்ட் போன்ற நீண்ட, மெதுவான அலை அதற்கு நல்ல இடம். பக்கத்திலேயே உள்ள ராம்ஸ் ஆழமில்லாத பாறை மேல் செங்குத்தாக எழும். அங்கே வழுக்கிற வால் தேவையில்லை, த்ரஸ்டரோடு போங்கள், அல்லது போகாமல் இருங்கள். கீல் ஃபின் போட்ட ஃபிஷ்ஷின் உண்மையான சந்தோஷம் அறுகம் குடாவில். அங்கே வலப்பக்கமாக ஓடும் அலை முனையிலிருந்து உள்ளே நீண்டு போகும். திருப்பங்களைப் பற்றிக் கவலைப்படாமல் கோடு பிடித்து ஓடிக்கொண்டேயிருக்கலாம்.

வழுக்கல் அதிகமென்று பட்டால் நடுவில் ஒரு குட்டி ஃபின் வைக்கலாம், ட்ரெய்லர் என்பார்கள். பலகை வாங்கும்போதே அதைச் செருக ஒரு பெட்டி, அதாவது பலகையின் அடியில் பதித்த குழி, இருக்கிறதா என்று பாருங்கள். பெட்டியில் இன்னொரு தொல்லையும் உண்டு: எஃப்.சி.எஸ்., ஃபியூச்சர்ஸ் என்று ஃபின் செய்யும் இரண்டு பிராண்டுகள் உண்டு; ஒன்றின் ஃபின் மற்றதன் பெட்டிக்குள் போகாது. ஊருக்குத் திரும்பும் வெள்ளைக்காரரிடம் பாதி விலைக்குப் பலகை வாங்கி, பிறகு ஃபின் தேடிக் கரையோரக் கடைகளெல்லாம் அலைந்தவர்களை எனக்குத் தெரியும்.

மருமகன் அந்த மஞ்சள் பலகையை வாங்கவில்லை. போன கிழமை வேறொரு படம் அனுப்பினான்: வெயிலில் மஞ்சள் பாரித்த பழைய ஃபிஷ், பிராண்ட் பெயர் பாதி தேய்ந்து முதல் எழுத்து மட்டும் மிச்சம். விற்பவரிடம் எந்தப் பெட்டி, எத்தனை லீற்றர், ஃபின் வாலிலிருந்து எத்தனை அங்குலம் என்று கேட்டிருக்கிறான். கடைசிக் கேள்வியை இதுவரை ஒருவரும் அவரிடம் கேட்டதில்லையாம். அளவு நாடா எங்கே என்று தேடப் போயிருக்கிறார்.